விமர்சகர்களை நம்பி மண்டபம் எடுத்த கதை

படம் முடிந்து லைட்டைப் போட்டபோது மண்டபத்தில் 19 பேர் மிஞ்சியிருந்தார்கள். அதிலும் 2 பேர் கதிரைக்காரரின் பொடியன்மார். எப்போது முடியும், எப்போது அடுக்கி லொறியில் ஏற்றலாம் என்று பின்சுவரில் சாய்ந்துகொண்டு நின்றவர்கள். நான் எடுத்திருந்தது 150 கதிரை. மேடையோரத்து மேசையில் 120 பேருக்கென்று சொல்லி வாங்கிய ரோல்ஸும் பற்றீஸும் பெட்டியோடு கிடந்தன. அந்தப் பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கல்லடிப் பாலத்தைக் கடக்கும்போது, யாராவது ஒருவர் இதையெல்லாம் முன்னமே சொல்லியிருந்தால் என்ற நினைப்புத்தான் திரும்பத் திரும்ப வந்தது. அதனால்தான் எழுதுகிறேன். மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ யாராவது பழைய படமொன்றைச் சனத்துக்குப் போட்டுக் காட்டலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தால், மண்டபத்துக்கு முற்பணம் கட்டுவதற்கு முதல் இதைப் படித்துவிடுங்கள்.

நான் கல்லடியில் இருக்கிறேன். படிப்பிக்கிறது தொழில், பழைய படங்களைப் பற்றி எழுதுவது வியாதி. இரவு பிள்ளைகள் படுத்த பிறகு கறுப்பு வெள்ளைப் படமொன்றைப் போட்டுக்கொண்டு, அதைப் பற்றி யார் யார் என்ன எழுதினார்கள் என்று தேடித் தேடிப் படிப்பேன். அப்படி வந்து மாட்டியதுதான் ‘டீடூர்’. 1945இல் எட்கர் ஜி. உல்மர் எடுத்த அமெரிக்கப் படம். 70 நிமிடம்கூட ஓடாது. ஹொலிவூட்டில் ‘வறுமைத் தெரு’ என்று கேலியாகச் சொல்லப்பட்ட சின்னக் கொம்பனிகளில் ஒன்றான பி.ஆர்.சி. அதைத் தயாரித்தது. நியூயோர்க்கில் பியானோ வாசிக்கிறவன் ஒருவன், லொஸ் ஏஞ்சலிஸில் இருக்கும் காதலியிடம் போக வழியில் போகிற கார்களை மறித்து ஏறுகிறான். ஏற்றிவந்த ஆள் வழியிலேயே செத்துப்போகிறான். பொலிஸ் தன்னை நம்பாது என்று பயந்து, செத்தவனின் காசு, உடுப்பு, கார், பெயர் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறான். மறுநாள் அவன் இரக்கப்பட்டு ஏற்றுகிற பெண்ணுக்குச் செத்தவனைத் தெரிந்திருக்கிறது. மிச்சத்தைச் சொல்லமாட்டேன். சொன்னதால் பட்ட பாடு பின்னால் வருகிறது.

இந்தப் படத்துக்குக் கிடைத்த மரியாதையைப் படித்துத்தான் எனக்குத் தலை சுற்றியது. 1992இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்திருக்கிறார்கள். 1998இல் அமெரிக்க விமர்சகர் ரொஜர் ஈபர்ட் தன்னுடைய ‘மகத்தான படங்கள்’ வரிசையில் எழுதியிருக்கிறார். 2018இல் பெருஞ்செலவில் புதுப்பித்திருக்கிறார்கள். இவ்வளவு பேர் கொண்டாடுகிற படம், அதுவும் 70 நிமிடத்துக்குள் முடிகிற படம், எங்கட சனத்துக்குப் பிடிக்காமலா போகும் என்று நினைத்தேன். முதல் பிழை இங்கேதான். ஈபர்ட் எழுதியதை இப்போது எடுத்துப் படித்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. மனிசன் தொடக்கத்திலேயே எல்லாக் குறையையும் அடுக்கிவிடுகிறார். தொழில்நுட்பப் பிழைகள், தடுக்கி விழுகிற கதைசொல்லல், முகத்தை உம்மென்று வைத்திருக்க மட்டும் தெரிந்த நாயகன், ஏளனம் பண்ண மட்டும் தெரிந்த நாயகி. அப்படியிருந்தும் இது மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறதே என்பதுதான் அவருடைய வியப்பு. நான் ‘அப்படியிருந்தும்’ என்பதற்குப் பிறகு உள்ளதை மட்டும் படித்துவிட்டு மண்டபம் எடுத்தேன்.

இன்னொன்று, பாராட்டுகளின் திகதியைப் பாருங்கள். படம் வந்த காலத்தில் இது பெரிய படத்தோடு ஒட்டிக்கொண்டு ஓடுகிற இரண்டாம் படம். ஒரு டிக்கெட்டில் இரண்டு படம் காட்டுகிற கணக்கில் சனம் பார்த்துவிட்டுப் போனது. அப்போதே நல்ல மாதிரி எழுதியவர்களும் இருந்தார்கள். ஆனால் இன்றைக்கு நாம் படிக்கிற பக்திப் பரவசமெல்லாம் பிறகு வந்தது. பிரான்ஸ்காரர்கள் இந்த வகைப் படங்களுக்கு ‘கறுப்புப் படம்’ என்று பெயர் வைத்ததே 1946இல்தான். உல்மரைத் தேடிப்பிடித்துக் கொண்டாடத் தொடங்கியது அதற்கும் பிறகு. அங்கே ஒரு தலைமுறை இந்தப் படத்தை நடுச்சாமத் தொலைக்காட்சியில், தேய்ந்த பிரதியில், தனியாக இருந்து கண்டுபிடித்தது. தானாகக் கண்டுபிடித்த பொருளில் வருகிற பாசம் வேறு. நான் என்ன செய்தேன்? அந்தப் பாசத்தை நோட்டீஸில் அடித்து, 4 மணி வெயிலில் 150 கதிரைக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.

தொடக்கத்தில் நாங்கள் ஐந்து பேர். வாவிக்கரையில் பிளேன்டீ குடித்துக்கொண்டு போட்ட திட்டம். ஒருவருக்கு இடமாற்றம் வந்தது, ஒருவரின் மகளுக்குச் சாமத்தியச் சடங்கு வந்தது, மற்ற இருவரும் வட்ஸ்அப்பில் கைகூப்பிய பொம்மை அனுப்பியதோடு சரி. மண்டபத்துக்கு என்னுடைய பெயரில் முற்பணம் கட்டியாயிற்று. விட்டுவிடலாம் என்று மனைவி சொன்னா. கேட்கவில்லை. யார் பெயரில் பற்றுச்சீட்டு எழுதப்படுகிறதோ அவருக்குத்தான் படம் ஓடும், மற்றவர்களுக்கு அது யோசனை மட்டுமே. ஐந்து பேரும் முதல் நாளே ஆளுக்கு 5,000 வைத்திருந்தால் யார் வருவார், யார் வரமாட்டார் என்பது அந்த மேசையிலேயே தெரிந்திருக்கும்.

திரைக்குக் கீழே ஓடுகிற தமிழ் வசனவரிதான் (சப்டைட்டில்) என்னுடைய மூன்று மாதத்தைத் தின்றது. நாயகன் படம் முழுக்கப் பின்னணியில் புலம்பிக்கொண்டே வருகிறவன், அதனால் ஆயிரத்துச் சொச்சம் வரி. கையால் கொப்பியில் மொழிபெயர்த்து, டைப் அடிக்கக் கடையில் கொடுத்தேன். 9,000 ரூபாய். வாங்கிவந்து கணினியில் போட்டால் திரையில் தமிழே இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக ஏதோ பாம்பு ஊர்ந்தது. கடைக்காரத் தங்கச்சி பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்திருக்கிறா. அவவில் பிழையில்லை. இந்த நாட்டில் கலியாணக் கார்ட்டிலிருந்து மரண அறிவித்தல் வரை பாமினிதான். கடதாசியில் அச்சடிக்க அது போதும், வசனவரிக் கோப்புக்கு, கணினி தமிழைத் தமிழாகவே அறிகிற யூனிகோட் வேண்டும். மாற்றித் தருகிற கருவிகள் இணையத்தில் சும்மா கிடைக்கின்றன, ஆனால் நேரக்குறிப்பில் இருக்கிற முக்காற்புள்ளி, காற்புள்ளிகளையும் அவை எழுத்தாக மாற்றிவிட்டன. ஒவ்வொரு வரியாகத் திருத்த நான்கு சனி ஞாயிறு போனது. ஆகவே முதலே யூனிகோடில் அடிக்கச் சொல்லுங்கள், பத்து வரி அடித்ததும் வாங்கி ஓட்டிப் பாருங்கள்.

அதோடு முடியவில்லை. வீட்டுக் கணினியில் அழகாக வந்த தமிழ், வாடகைப் புரொஜெக்டரில் பென்டிரைவைச் செருகியதும் பெட்டி பெட்டியாக வந்தது. வேறொரு மடிக்கணினியில் கொம்பு தனியாக, எழுத்து தனியாக நின்றது. ‘கொலை’ என்ற சொல்லை அந்தக் கோலத்தில் பார்த்தால் உங்களுக்கும் கொலைவெறி வரும். இதற்கு ஒரே வழி, எழுத்தைப் படத்துக்குள்ளேயே பதித்துவிடுவது. அப்படி ஒரே கோப்பாக்கிவிட்டால் எந்தக் கருவியில் போட்டாலும் மாறாது. ஹான்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளே போதும், ஓர் இரவு ஓடவிட்டால் காலையில் தயார். எனக்கு அது படம் போடுவதற்கு முதல்நாள் இரவு 11 மணிக்குத்தான் தெரியவந்தது. மொழிபெயர்ப்பிலும் ஒரு பிழை விட்டேன். படத்தில் வருகிற அந்தப் பெண் வாயைத் திறந்தால் சாணை பிடித்த கத்தி, அவவுக்கு நான் பாடப்புத்தகத் தமிழ் எழுதி வைத்திருந்தேன். ‘உன்னுடைய பிதற்றலை நிறுத்து’ என்று வரி வந்ததும் முன்வரிசையில் யாரோ கொடுப்புக்குள் சிரித்தார்கள். நியாயமான சிரிப்பு. நம்மட ஊரில் கோபம் வந்தால் ‘வாயப் பொத்து’ என்பார்கள். இரண்டே சொல், வாசிக்கவும் நேரம் எடுக்காது.

மண்டபத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் அதைப் பார்த்தது மாலை 7 மணிக்கு. நல்ல பெரிய மண்டபம், நல்ல மேடை. படம் போட்டது பின்னேரம் 4 மணிக்கு, ஏனென்றால் இரவு என்றால் தூர இடத்துச் சனத்துக்கு பஸ் இல்லை. சுவர்களின் மேல்பாதி முழுக்கக் காற்று வருவதற்கான ஓட்டைக் கற்கள் என்பது 7 மணி இருட்டில் எனக்குப் படவில்லை. ஆவணி மாத வெயில் அந்த ஓட்டைகள் வழியாகச் சதுரம் சதுரமாகத் திரையில் விழுந்தது. இந்தப் படத்தின் உயிரே இருட்டில்தான் இருக்கிறது. தெரு செட் போடக் காசில்லாமல், பனிமூட்டத்தை விட்டு நியூயோர்க் என்று நம்பவைத்த படம் இது. அந்த மூட்டமும் நிழலும் என்னுடைய திரையில் வெளுத்துக் கிடந்தன. வயலுக்கு வாங்குகிற கறுப்புப் பொலித்தீனைக் கொண்டுபோய் மறைக்கப் பார்த்தோம். கச்சான் காற்று அதை ஐந்து நிமிடத்தில் பிய்த்தது, மிச்சம் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. ஜன்னலைப் பூட்டினால் வேகுது, மின்விசிறியைப் போட்டால் சத்தம். 1945ஆம் ஆண்டு ஒலிப்பதிவு, அதுவும் நான் இறக்கிய இலவசப் பிரதியின் இரைச்சல். 12,000 ரூபாய் சவுண்ட் செட்டில் கேட்டது விசிறிச் சத்தமும் அதற்குக் கீழே யாரோ கிணற்றுக்குள் இருந்து கதைப்பதும்தான். மண்டபம் பார்க்கப் போகிறவர்கள் எந்த நேரத்தில் படம் போடுவீர்களோ அந்த நேரத்திலேயே போய்ப் பாருங்கள். போகும்போது புரொஜெக்டரையும் கொண்டுபோங்கள். விசிறி எல்லாவற்றையும் சுழலவிட்டுக் கடைசி வரிசையில் இருந்து கேட்டுப் பாருங்கள். ஒரு நாள் வாடகை மிச்சம் என்று நான் விட்ட 8,500 ரூபாய் ஒத்திகையால் முழுக்காசும் போனது.

அனுமதி விஷயத்தை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். டிக்கெட் விற்றால் களியாட்ட வரி இருக்கிறது என்று எனக்கு இரண்டு நாளைக்கு முதல்தான் ஒருவர் சொன்னார். ஓடிப்போய் அரைநாள் அலைந்து, கடைசியில் அனுமதி இலவசம் என்று அறிவித்து அன்பளிப்புப் பெட்டி வைத்தேன். உங்கள் உள்ளூராட்சி சபையிலும், பிரதேச செயலகத்துக் கலாசார உத்தியோகத்தரிடமும் இரண்டு மாதத்துக்கு முதலே போய்க் கேளுங்கள், பொதுமண்டபத்தில் காட்டுவதற்குத் தணிக்கை அனுமதி எடுப்பது எப்படி என்பதையும் சேர்த்து. உரிமையைப் பொறுத்தவரை, இந்தப் படம் அமெரிக்காவில் பதிப்புரிமை புதுப்பிக்கப்படாமல் பொதுவுடைமையானது. நம்மட நாட்டில் 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டம் படங்களுக்கு வெளியான நாளிலிருந்து 70 வருடப் பாதுகாப்புத் தருகிறது. புதுப்பித்த பிரதி என்றால் அதைச் செய்தவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் தொடவேண்டும். பழசென்றால் எல்லாம் சும்மா என்று நினைக்கவேண்டாம்.

இனி நோட்டீஸ். 500 அடித்தேன், 6,500 ரூபாய். தலைப்புக்குக் கீழே கொட்டை எழுத்தில், ‘6 நாளில் எடுக்கப்பட்ட உலக அதிசயம்’. ஆறு நாள் என்பது உல்மரே பிற்காலத்தில் சொல்லிவைத்த கதை. பிறகு ஆவணங்களைத் தோண்டியவர்கள், நாளும் காசும் அவர் சொன்னதைவிடக் கூடத்தான் போயிருக்கிறது என்று காட்டியிருக்கிறார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டும் கவர்ச்சியாக இருக்கிறது என்று போட்டேன். பஸ் நிலையத்தில் நோட்டீஸ் வாங்கிய ஒரு ஐயா கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்துவிட்டு, “ஆறு நாளில எடுத்ததெண்டா ஆறு நாளில எடுத்த மாதிரித்தானே மகன் இரிக்கும்” என்றார். என் வாயடைத்துப்போனது. ஏழ்மையை ஏழ்மை என்று சொல்லி விற்க முடியாது என்பதை அந்த ஐயா ஒரு வரியில் முடித்துவிட்டார்.

அன்றைக்கு வந்தவர்கள் 63 பேர். அது எனக்குச் சந்தோஷந்தான், மறுக்கமாட்டேன். அந்தச் சந்தோஷத்தில் மைக்கைப் பிடித்து 35 நிமிடம் பேசினேன். 68 நிமிடப் படத்துக்கு 35 நிமிட முன்னுரை. பிரெஞ்சு விமர்சகர்கள், பதிவேடு, பின்னணித் திரை, தணிக்கை விதிகளுக்காக ஒட்டவைத்த முடிவு என்று படித்ததையெல்லாம் கொட்டினேன். விமர்சகர்கள் அதிகம் எழுதியிருக்கிற காட்சி அந்த டெலிபோன் வயர் காட்சி. அதில் யாருக்கு என்ன நடக்கிறது என்பதையும் உற்சாகத்தில் சொல்லிவிட்டேன். இருபது வயதுப் பொடியன் ஒருவன் கையைத் தூக்கி, “அப்ப மிச்சத்தில என்ன சேர் இரிக்கி?” என்று கேட்டான். மண்டபமே சிரித்தது, நானும் சேர்ந்து சிரித்தேன். விமர்சனம் படிக்கிறவர் படம் பார்த்தவர், படம் பார்க்க வந்தவர் இன்னும் பார்க்காதவர். இந்த வித்தியாசம் விளங்க எனக்கு 40 வயது தாண்டவேண்டியிருந்தது. அறிமுகம் ஐந்து நிமிடம். மிச்சத்தைப் படம் முடிந்த பிறகு, இருக்கிறவர்களிடம் கதையுங்கள்.

பத்தாவது நிமிடத்தில் முதல் கதிரை இழுபட்ட சத்தம் கேட்டது. பிறகு ஒவ்வொன்றாக. எழும்பிப் போகிறவர்கள் என்னைப் பார்க்காமல் குனிந்துகொண்டு போனார்கள், அதுதான் கூட வலித்தது. காரோட்டும் காட்சிகளில், பின்னால் ஓடுகிற திரை ஒரு வேகத்திலும் ஸ்டேரிங் இன்னொரு வேகத்திலும் போவதைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆனால் ஓர் இடத்தில் மட்டும் மண்டபம் அடங்கியது. செத்தவனின் பேர்ஸை எடுத்து, அவனுடைய அடையாளப் பத்திரத்தைப் பார்த்து, இனி நான் இவன்தான் என்று நாயகன் முடிவெடுக்கிற இடம். நடுவரிசையில் இருந்த என் வயதுக்காரர்கள் யாரும் அசையவில்லை. அடையாள அட்டையைச் சட்டைப் பையில் தடவிப் பார்த்துவிட்டு வீட்டுப் படியிறங்கி வளர்ந்த சனம் நாங்கள். அந்தக் காட்சியைப் பற்றி எந்த வெளிநாட்டு விமர்சகரும் இப்படி எழுதியதாக எனக்கு நினைவில்லை. அந்த அமைதியைப் பிடித்துக்கொண்டு பேசியிருக்கவேண்டும். அப்போது நான் பொலித்தீனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்தநாள் முகநூலில் ஒருவர் எழுதினார். மூன்று இடத்தில் நித்திரை கொண்டதாகவும், ஒவ்வொரு முறையும் விழித்தபோது அதே கார் அதே ரோட்டில் ஓடிக்கொண்டிருந்ததாகவும். 140 பேர் சிரித்திருந்தார்கள். இரண்டு கிழமை நான் அந்தப் பக்கம் போகவில்லை. பாடசாலையில் யாராவது “எப்படி சேர் படம்?” என்று கேட்டால் நல்லாப் போனது என்று பொய் சொன்னேன். மெய்யைச் சொன்னால், அந்த நாட்களில் எனக்குச் சனத்தின் மேல்தான் கோபம். ரசனை இல்லாத ஊர் என்று மனதுக்குள் திட்டினேன். அந்தத் திட்டு ஒரு மாதம் என்னைக் காப்பாற்றியது, பிறகு அதற்கும் வலுவில்லை. காசுக் கணக்கு முன்னால் வந்து நின்றது.

கணக்கையும் மறைக்காமல் சொல்கிறேன். மண்டபம் 18,000, புரொஜெக்டரும் திரையும் 8,500, சவுண்ட் 12,000, கதிரை 5,250, ஏற்றியிறக்க 3,000, நோட்டீஸ் 6,500, பனர் 4,200, டைப்பிங் 9,000, தேத்தண்ணியும் சாப்பாடும் 11,400. மொத்தம் 77,850. பெட்டியில் விழுந்தது 6,340. கையை விட்டுப் போனது 71,510 ரூபாய், அதில் 40,000 மனைவியின் சீட்டுக்காசு. அவ ஒன்றும் சொல்லவில்லை. ரோல்ஸை மூன்று நாள் எங்களுக்குச் சூடாக்கித் தந்தா, அவ்வளவுதான். இப்போது திரும்பிப் பார்த்தால் இந்தப் பட்டியலில் படத்துக்கு அவசியமாக இருந்தது புரொஜெக்டரும் டைப்பிங்கும் மட்டும். மிச்சமெல்லாம் ‘விழா’ என்ற சொல்லுக்குக் கட்டின காசு.

மார்கழி மழையில் ஒருநாள், கரண்ட் போய் வந்த இரவில், அந்தப் படத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். விமர்சனங்களையும் ஒரு முறை திரும்ப எடுத்தேன். இந்த முறை பாராட்டுச் சொற்களை விட்டுவிட்டு, எழுதியவர் எங்கே, எப்போது, எப்படிப் பார்த்தார் என்பதை மட்டும் தேடிப் படித்தேன். அநேகமாக எல்லாருமே தனியாகவோ சின்னக் கூட்டமாகவோ இருட்டில் பார்த்தவர்கள். ‘அந்த நாள்’ நினைவுக்கு வந்தது. 1954இல் எஸ். பாலச்சந்தர் பாட்டே இல்லாமல் எடுத்த படம். சிவாஜி இருந்தும் முதல் ஓட்டத்தில் ஏவி.எம்முக்குக் கைகொடுக்கவில்லை, எழுதியவர்கள் மெச்சினார்கள், தேசிய விருதில் சான்றிதழும் கிடைத்தது. அதற்குப் பிறகு திரும்ப வெளியிட்டபோது சனம் வந்தது. முதல் ஓட்டத்தில் வராத சனமும் அதே சனம்தான்.

தைப்பொங்கல் கழிந்த ஒரு சனிக்கிழமை இரவு எங்கள் வீட்டு விறாந்தையில் வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டினேன். நண்பனின் புரொஜெக்டர், மகனின் சின்ன ஸ்பீக்கர். அயலுக்குள் 12 பேர், பாய் விரித்து. செலவு கச்சானும் இஞ்சித் தேத்தண்ணியும், 1,100 ரூபாய். உலக அதிசயம் என்று ஒரு சொல் சொல்லவில்லை. வழியில் வாகனம் மறித்துப் போகிற ஒருத்தனின் கதை, ஒரு மணித்தியாலம், அவ்வளவுதான் சொன்னேன். வசனவரியை முழுக்கத் திருத்தியிருந்தேன், அந்தப் பெண் இப்போது நம்மட ஊர்க்காரி மாதிரிக் கதைத்தா. பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்குக் கண்ணில் வெள்ளை படர்ந்திருக்கிறது, எழுத்துத் தெரியாது. ஒன்பதாம் வகுப்புப் பேத்தி காதுக்குள் வாசித்துக் காட்டத் தொடங்கினாள். காதுக்குள் தொடங்கிய குரல் போகப்போக ஏறி, கால் மணித்தியாலத்தில் எல்லாரும் அவளுடைய குரலில்தான் படம் பார்த்துக்கொண்டிருந்தோம். “எங்க அவன்ட பிரேதம்?” என்று அவள் அடித்தொண்டையில் கேட்டபோது எனக்கே முதுகு கூசியது. வசனவரி போடுகிறவர்கள் இதை யோசியுங்கள். வயசான ஆட்கள் இருக்கிற கூட்டத்துக்கு, நல்லாய் வாசிக்கிற ஒரு பிள்ளை 12,000 ரூபாய் சவுண்டைவிடப் பெரிசு.

முடிந்ததும் பெரியம்மா முதலாவதாகக் கேட்டா. “இதெல்லாம் அவன் சொல்றதுதானே? மத்த ரெண்டு பேரும் செத்துப்போயிற்றாங்க. பொலிஸுக்குச் சொல்லப்போற கதைய முதல்ல நமக்குச் சொல்லிப் பாக்கிறான் புள்ள.” நாயகன் சொல்வதை நம்பலாமா, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் திரிக்கிறானா என்று விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அதைப் படிக்கிற வரைக்கும் எனக்கு அந்தச் சந்தேகம் வந்ததே இல்லை. வாக்குமூலம் என்பது என்னவென்று எங்கட ஊர்ப் பெரியம்மாமாருக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

பின்னால் சுவரோடு இருந்தவர் இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்ஸில் 31 வருஷம் ஓட்டி ஓய்வுபெற்ற அண்ணன். அவருக்கு வேறு பிரச்சினை. “தம்பி, இவன் முதல்ல மறிச்சு ஏறின காருகள்ல ஸ்டேரிங் நம்மட மாதிரி வலப்பக்கம் கிடந்தது. மறுகா இடப்பக்கம் வந்திட்டு. எந்த நாட்டுக்குள்ளால போறான்?” என்றார். நான் திகைத்துப்போனேன். நியூயோர்க்கிலிருந்து மேற்கே போகிறவன் திரையிலும் வலமிருந்து இடமாகவே போகவேண்டும் என்பதற்காக அந்தத் துண்டுகளில் நெகட்டிவைப் புரட்டிப் போட்டார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். அமெரிக்கர்களுக்கு உடனே உறுத்துகிற இந்தப் பிழை, இடப்பக்கம் ஓடிப் பழகிய எங்களுக்குக் கண்ணில் படவே படாது. மண்டபத்தில் 63 பேரில் யாரும் சொல்லவில்லை, படித்துத் தெரிந்திருந்த நான்கூடப் பார்க்கவில்லை. பின்னோக்கி ஓட்டி அந்த இடத்தைத் திரும்பப் போட்டேன். அண்ணன் எழும்பி வேட்டித் திரைக்குக் கிட்டப் போய், விரலால் ஸ்டேரிங்கைத் தொட்டுக் காட்டினார். அவருடைய நிழல் பாதி ரோட்டை மறைத்தது. ஒருவரும் இருங்க என்று சொல்லவில்லை.

எல்லாரும் போன பிறகு பாயைச் சுருட்ட அவர்தான் கைகொடுத்தார். “அண்டைக்கு மண்டபத்துக்கும் வந்தனான்” என்றார். எனக்குத் தெரியாது. ஏன் எழும்பிப் போனீங்க என்று கேட்டேன், படம் பிடிக்கவில்லையா என்று.

“படத்த எங்க தம்பி பாக்க விட்டீங்க? நீங்க கதைச்சு முடியக்குள்ள என்ட பஸ்ஸுக்கு நேரம் வந்திட்டு” என்றார்.